கிரந்திக்குப் பயந்து…



சென்ற மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தேன். ஊரையும் பெயரையும் தவிர்க்கிறேன். 2009இல் கணவனை இழந்த அம்மா ஒருவர், மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். மருமகன் கொழும்பில் கூலி வேலை. மூத்த பேரனுக்குத் தொய்வு. எட்டு மாதமான இளையவனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பன். வளர்ச்சிப் பதிவேட்டில் அவனது நிறைக்கோடு இரண்டு மாதமாக ஏறவில்லை.

என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். கஞ்சித் தண்ணீரும் ஊறவைத்த பிஸ்கட்டும்தான். முற்றத்தில் கச்சான் காய்கிறது. கோழிகள் மேய்கின்றன.

"முட்டை கிரந்தி பிள்ளை. மீனும் அப்பிடித்தான். கச்சான் பித்தம். ஒண்டும் குடுக்கிறேல்லை" என்றார் அம்மம்மா. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மூத்தவனுக்கு ஒருநாள் சாமத்தில முட்டு வந்து சொண்டெல்லாம் நீலிச்சுப் போச்சு. தோளில போட்டுக்கொண்டு ஒழுங்கையால ஓடினன். இவனையும் அப்பிடிப் பாக்க என்னால ஏலாது."

அவரை அறியாமை என்று ஒதுக்க எனக்கு உரிமை இல்லை. 2012இல் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு பழைய துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து நானும் தாய்மாருக்கு இதையேதான் சொன்னேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000ஆம் ஆண்டில், ஒவ்வாமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும் கச்சானையும் மீனையும் மூன்று வயது வரையும் தவிர்க்கும்படி கூறியது. 2008இல் அதைக் கைவிட்டது. நான் அதைச் சொல்லித் திரிந்தபோதே அது காலாவதியாகிவிட்டிருந்தது.

ஏன் கைவிட்டார்கள்? தள்ளி வைப்பதால் ஒவ்வாமை குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே 2008இல் லண்டனில் பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர், பிரித்தானியாவிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். பிரித்தானியப் பிள்ளைகளிடம் கச்சான் ஒவ்வாமை பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் முதல் வயதிலேயே கச்சான் சேர்ந்த தின்பண்டத்தைக் கொடுக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒளித்து வைத்தார்கள். பிறகு கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஐந்து வயது வரை கச்சான் உணவு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அறவே கொடுக்கவில்லை. முடிவு 2015இல் வெளிவந்தது. தொடக்கத் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டாத பிள்ளைகளில், தவிர்த்தவர்களில் 100க்கு 14 பேர் அளவில் ஒவ்வாமை கண்டது. சாப்பிட்டவர்களில் 2 பேர்தான். வெடித்த தோல் வழியே உணவுத் தூசி உட்புகுந்தால் உடம்பு அதை எதிரியாக எடுக்கிறது, வாய் வழியே போனால் பழகிக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள்.

தொய்வு வேறு கதை. கரப்பனும் தொய்வும் ஒரே பிள்ளையிடம் வருவது உண்டு. அதற்காக முட்டையை நிறுத்தினால் இழுப்பு நிற்காது. அந்த வீட்டுக் குசினியில் என் கண்ணே எரிந்தது. விறகுப் புகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டென்மார்க்கில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் செறிவான மீனெண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளைகளின் நீடித்த இழுப்பும் தொய்வும் 100க்கு 24 என்பதிலிருந்து 17ஆகக் குறைந்திருந்தது. இதைப் படித்துவிட்டுக் குளிசை தேடி ஓட வேண்டாம். ஆனால் பத்தியம் என்று சூடையையும் சாளையையும் கர்ப்பிணியின் கோப்பையிலிருந்து எடுப்பதை இனியாவது நிறுத்தலாம்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. பிறகு நன்றாக அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாக, பகல் வேளையில், சிறிதளவில் தொடங்குங்கள். கச்சானை மை போல அரைத்துக் கஞ்சியில் கலக்க வேண்டும். முழுக் கச்சான் ஐந்து வயதுக்குள் கூடாது, தொண்டையில் அடைக்கும். கடும் கரப்பன் உள்ள பிள்ளைக்கும், ஏதாவது உணவால் முன்பு வீக்கமோ இழுப்போ வந்த பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்காமல் முட்டையோ கச்சானோ தொடங்க வேண்டாம். சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதிக்காமல் 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அந்த அம்மாவுக்கு இந்த இலக்கம் தெரிந்திருக்கவில்லை. மகளின் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுத்தேன்.

குடும்பநல மாதுவோடு பேசி இளையவனைக் கிளினிக்கில் காட்டினோம். வைத்தியர் கரப்பனுக்குப் பூச்சு மருந்து தந்து, முட்டை தொடங்கச் சொன்னார். அங்கேதான் இன்னொரு சிக்கல். முட்டை விற்ற காசில்தான் அந்த வீட்டில் சீனியும் தேயிலையும் வாங்குகிறார்கள். "கொடுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவது எனக்குச் சுலபம். அம்மம்மா கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கிறதில கிழமைக்கு மூண்டை நிப்பாட்டுறன். கச்சானைப் பிறகு பாப்பம்."

அடுத்த மாதம் திரும்பவும் போகிறேன்.