கடனுக்குப் பிள்ளையா ஈடு?

பெற்றோர்களே, டேவிட் கிரேபர் (1961–2020) என்ற மானிடவியல் அறிஞரைத் தெரிந்துகொள்வோம். நியூயார்க்கில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். மடகாஸ்கர் மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். 2011இல் நியூயார்க்கில் வால் ஸ்திரீட் பண முதலைகளை எதிர்த்த போராட்டத்தில் முன்னின்றவர்.

அதே ஆண்டு வெளிவந்த அவரது நூல், 5,000 ஆண்டுக் கடன் வரலாற்றைச் சொல்கிறது. பண்டைய சுமேரியாவில் கடன்பட்டவர்களின் பிள்ளைகள் ஈடாகப் போய் உழைத்தார்கள். மன்னர் கடனை ரத்துச் செய்தால்தான் வீடு திரும்புவார்கள். அந்த விடுதலைக்குப் பெயர் ‘அமர்கி’. ‘தாயிடம் திரும்புதல்’ என்பது அதன் பொருள்.

கங்காணியின் முன்பணக் கடனோடு கப்பலேறிய நம் பாட்டன்மாருக்கு இந்தச் சொல்லின் அருமை விளங்கியிருக்கும். கடையில் பற்று ஏறலாம், மெல்ல அடைக்கலாம். அதற்காகப் பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.