பாட்டுக்கு வீட்டிலேயே ஒரு நிலையம்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் எண் பேருந்துக்காகக் காத்திருப்போரில் பலர் காதில் ஒலிக்கும் சங்கீதம் தம்முடையது என்றே எண்ணியிருக்கிறார்கள். மாதச் சந்தா செலுத்தியோ விளம்பரங்களைச் சகித்தோ பெறும் அந்தச் சௌகரியம், கம்பெனி நடக்கும் வரைதான் நிலைக்கும். 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் ரெஸ்ஸோ என்னும் பாட்டுச் செயலி இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே வருஷம் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது.

சினிமாப் பாட்டுக்கு வேறு கடை கிடைத்துவிடும். ஆனால் 1939 முதல் வானொலி நிலையம் உள்ள இத்திருச்சியில், வானொலிக் கச்சேரியை ஒலிநாடாவில் பிடித்து வைத்த குடும்பங்கள் அநேகம். அந்த நாடாக்களும், கல்யாணத்து நாயனமும், பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டும் எந்தக் கம்பெனியின் சேகரத்திலும் இல்லை. அவை அலமாரியில் பூசணம் பிடித்து நசித்துக்கொண்டிருக்கையில், பக்கத்திலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரும் தூசி படிந்து கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இவ்வாறு கைவிடப்பட்ட யந்திரங்களுக்கு இப்போது பஞ்சமே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடுவதைவிட, பாட்டுக்கு சர்வராக்கி வைப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அதில் ஏற்றி, நாவிட்ரோம் என்னும் இலவச மென்பொருளை நிறுவினால், அது சேகரத்திலுள்ள பாட்டுகளைத் தானே வரிசைப்படுத்தி, வீட்டு வைஃபையில் உள்ள எந்த போனுக்கும் அனுப்பும். தக்க பாதுகாப்புடன் இணையத்தில் இணைத்துவிட்டால் காவிரிப் பாலத்தில் பேருந்து ஊர்கையிலும் கேட்கலாம். ஒரு மணி நேர நாடாவை உயர்ந்த தரமான எம்பி3 ஆக மாற்றினால் ஏறத்தாழ 144 மெகாபைட். ஆயிரம் நாடாக்கள்கூட ஒரு பழைய 250 ஜிபி வட்டில் அடங்கிவிடும். இருபது வாட் இழுக்கும் மடிக்கணினி இரவும் பகலும் ஓடினாலும் நாளொன்றுக்கு அரை யூனிட்தான்.

சிரமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நாடாவை டேப்ரிக்கார்டரில் ஓடவிட்டுக் கம்பி வழியே பதிவதற்கு, அது ஓடும் நேரம் முழுவதும் வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. அதைவிடக் கடினம் பெயரிடுதல். மேலுறையில் வெறுமனே "கச்சேரி" என்று எழுதியிருந்தால், பாடியவர் யார், ராகம் என்ன என்பதை எந்த யந்திரமும் நிச்சயமாகச் சொல்லிவிடாது. குரலைக் கேட்டதும் அடையாளம் சொல்லக்கூடிய அத்தையோ பெரியப்பாவோ இருக்கையிலேயே, அவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு இவ்வேலையை முடிப்பது உத்தமம். பெரும்பாலும் அவர்கள் பாட்டைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் அந்தக் கல்யாணத்துச் சண்டைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். அதையும் பதிந்து வைக்கலாம்.

பழைய வட்டு என்றைக்கேனும் பழுதாகும் என்பதில் சந்தேகமில்லை. ஆகையால் முழுச் சேகரத்துக்கும் மற்றொரு பிரதி எடுத்து, உறையூரிலோ லால்குடியிலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வைப்பது அவசியம்.