விளக்கினால் மட்டும் போதாது

'சுத்தம்' என்னும் சொல்லின் மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. குளித்தவர் சுத்தம், மடி உடுத்தவர் சுத்தம், புளி போட்டுத் துலக்கிய செம்பு சுத்தம், சைவச் சாப்பாடு சுத்தம். இத்தனை பொருளையும் சுமக்கும் ஒரு சொல் எதையும் உருப்படியாகச் சொல்வதில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு வாளி பீரைக்கூட ஒழுங்காகத் தயாரிக்க முடியாது என்பதே நம் வாதம்.

பீரை ஏன் இழுக்கிறோம்? தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். அதைச் செய்யுமாறு யாருக்கும் நாம் சொல்லவில்லை. பிரிட்டனில் 1963இல் இதற்கான உரிமக் கட்டாயம் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம் வழிவிட்டது. அந்நாடுகளில் இது ஒரு சமையலறைக் கலை. பாத்திரத்தின் தூய்மையை இவ்வளவு கறாராகச் சோதிக்கும் வீட்டு வேலை வேறொன்று இருப்பது அரிது.

மால்ட் கஷாயத்தை ஹாப்ஸ் பூவோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். அதில் கிருமிகள் பெரும்பாலும் மடிகின்றன. ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து, அது பெருகி ஆட்சியைப் பிடிக்கும் வரை அந்தச் சர்க்கரைச் சாறு காவலற்ற ஊர். வாளி, மூடி, குழாய், கரண்டி என்று அதைத் தொடும் ஒவ்வொன்றும் ஒரு வாசல். லாக்டோபேசில்லஸ் புகுந்தால் புளிக்கும். பெடியோகாக்கஸ் புகுந்தால் வெண்ணெய் வாடை அடிக்கும், சில சமயம் நூல் விடும். காட்டு ஈஸ்ட் புகுந்தால் அடைத்த புட்டிக்குள் வாயு மிகுந்து புட்டியே வெடிக்கலாம். ஆல்கஹாலும் அமிலமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை என்பதால் குடித்தவருக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. தண்டனை சுவையில் மட்டுமே. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இங்கே நடப்பவை இரண்டு வேலைகள். முதலாவது கழுவுதல்: வெதுவெதுப்பான நீரில் சோடியம் பெர்கார்பனேட் கலந்து ஊறவைத்து, ஒட்டியிருக்கும் புரதத்தையும் பிசினையும் கழற்றுவது. இரண்டாவது கிருமிநீக்கம்: கழுவிய பரப்பில் எஞ்சியிருக்கும் உயிர்களை ஒடுக்குவது. வரிசை மாறக்கூடாது. அழுக்குப் படலத்தின் அடியில் பதுங்கிய கிருமியைக் கிருமிநாசினி எட்டாது. கழுவாத வாளியில் அதை ஊற்றுவது சாக்கடையில் பன்னீர் தெளிப்பதற்கு ஒப்பானது. கழுவியதோடு நிறுத்துவது வேலையைப் பாதியில் விடுவது.

நம் கைப்பழக்கம் இரண்டு இடங்களில் இடறும். முதலாவது, அழுத்தித் தேய்ப்பது. பிளாஸ்டிக் வாளியை நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கீறல் கிருமிக்குக் கோட்டை. இரண்டாவது, கடைசியாக ஒரு அலசு. ஸ்டார் சான் என்னும் அமிலக் கரைசலை லிட்டர் நீருக்கு சுமார் 1.6 மில்லிலிட்டர் கலந்து ஓரிரு நிமிடம் நனைத்தால் போதும். மீந்த நுரையை அப்படியே விட்டுவிடலாம். அலசாமல் நம் மனம் ஆறாது. அலசும் குழாய் நீரோ புதிய கிருமியைக் கொண்டு வந்து சேர்க்கலாம். பிளீச்சிங் திரவத்தின் கதை வேறு: அதை அலசியே ஆகவேண்டும்; எஞ்சிய குளோரின் பீருக்கு மருந்து வாடையைத் தரும். அதை அமிலத்தோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு எழும். எதை அலசுவது, எதை விடுவது என்பதை வேதியியல்தான் சொல்லும். மனநிறைவு சொல்லாது.

தமிழின் வினைச்சொற்களையே பாருங்கள். பாத்திரத்தை விளக்குகிறோம், துலக்குகிறோம். இரண்டும் ஒளியைக் குறிப்பவை, கண்ணை நீதிபதியாக்குபவை. கிருமிக்குப் பளபளப்பு ஒரு பொருட்டே அல்ல. கண்ணோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்போம். அதன் மேல் தீட்டு வந்து உட்கார்ந்தது. ஊறுகாய் ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஈரக் கரண்டி படாமல் காத்த பாட்டிகளின் அறிவு அசலானது. அதே ஜாடியை மாதவிலக்கான பெண் தொட்டால் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை வெறும் பொய். ஊறுகாயைக் கெடுப்பது ஈரம். இரண்டையும் 'சுத்தம்' என்ற ஒரே உறையில் போட்டதால், அறிவின் மதிப்பைப் பொய்யும் வாங்கிக்கொண்டது.

"நம் முன்னோர் எந்த ரசாயனமும் இல்லாமல் நொதிக்க வைக்கவில்லையா?" என்பார்கள். வைத்தார்கள், முறையோடு வைத்தார்கள். பெரும்பாணாற்றுப்படை கூறும் அரிசிக் கள்ளில் களியை அகன்ற தட்டில் ஆறவிட்டு, அடை கலந்து, இரண்டு பகலும் இரவும் சாடியில் விளையவிடும் ஒழுங்கு இருக்கிறது. சாடியைக் கழுவியது யார் என்று மட்டும் அப்பகுதி சொல்வதில்லை. சொல்லாததால் கழுவவில்லை என்று கொள்வது உரை மரபன்று. நார்வேயின் பண்ணை வீடுகளில் ஜூனிப்பர் கிளைகளைக் கொதிக்கவைத்த நீரால் கலங்களைக் கழுவினார்கள். காற்றிலிருக்கும் ஈஸ்ட்டை நம்பிப் பீர் செய்யும் பிரஸ்ஸல்ஸின் காந்தியோன் ஆலையில் சிலந்தி வலையைக் கலைப்பதில்லை என்பதைப் பலரும் ரசித்துச் சொல்வதுண்டு. அதே ஆலை பீப்பாய்களுக்குள் சங்கிலியை உருட்டியும் வெந்நீர் ஊற்றியும் கழுவுவதை அவர்கள் சொல்வதில்லை. கழுவுகிறவர் எப்போதும் கதைக்கு வெளியில்தான்.

இதுவே நம் வழக்கின் மையம். கழுவும் வேலையைப் பிறர் தலையில் கட்டிவிட்டு, கழுவாத கையைச் சுத்தம் என்றும் கழுவிய கையை அசுத்தம் என்றும் அழைத்த சமூகம் இது. வீட்டில் பீர் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் வேலையில் பெரும்பங்கு கழுவுதலே. குடிப்பவரே கழுவியாக வேண்டும். கழுவுவதைக் கழுவுதல் என்றும், கிருமியை நீக்குவதைக் கிருமிநீக்கம் என்றும் சொல்லப் பழகுவோம். 'சுத்தம்' சிறிது காலம் ஓய்வெடுக்கட்டும். வேண்டிய மட்டும் உழைத்துவிட்டது, பெரும்பாலும் தவறான எஜமானர்களுக்காக.