வினா எழுப்பும் வகுப்பறை

2019ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள். ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் மாணவர்கள் பலருக்குத் திடீரென மூச்சுத்திணறலும் வாந்தியும் ஏற்பட்டன. ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவே அதற்குக் காரணம் என்பது தெரியவந்தது. சில நாள்களில் மேலும் பலர் பாதிக்கப்பட்டனர். மார்ச் 13ஆம் நாள் அவ்வட்டாரத்திலுள்ள 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர்.

இந்நிகழ்வை வகுப்பறையில் இரண்டு விதமாகக் கற்பிக்கலாம். “ஆற்றுத் தூய்மைக்கேட்டின் காரணங்கள் மூன்றனை எழுதுக” என்று கேட்பது ஒரு விதம். மாணவர்களும் தொழிற்சாலைக் கழிவு, குப்பை, பொறுப்பின்மை என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்வார்கள். விடை சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், பாசிர் கூடாங்கைப் பற்றி எதுவும் தெரியாத மாணவரும் அதே விடையை எழுதிவிட முடியும்.

இன்னொரு விதம், “கழிவு கொட்டப்பட்டது ஆற்றில், மாணவர்கள் இருந்தது வகுப்பறையில். பிறகு எப்படி அவர்கள் பாதிக்கப்பட்டார்கள்?” என்று கேட்பது. இந்த வினா மாணவர்களைச் சற்று நிறுத்தும். யாரும் அந்த ஆற்று நீரைக் குடிக்கவில்லையே என்று ஒருவர் சொல்வார். காற்றில் கலந்திருக்குமோ என்று மற்றொருவர் ஐயுறுவார். சில வேதிப்பொருள்கள் எளிதில் ஆவியாகும் என்று அறிவியல் பாடத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வரும். காற்று எந்தத் திசையில் வீசியது, பள்ளிகள் எவ்வளவு தொலைவில் இருந்தன என்று வினாக்கள் வளரும். வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டிய தேவையும் எழும். பள்ளிகளை இன்னும் முன்னதாகவே மூடியிருக்க வேண்டுமா என்ற வினா எழுந்தால், வகுப்பு இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடும். உடல்நலமே முதன்மை என்பார் ஒருவர். அபாயத்தின் அளவு தெரியாமல் அத்தனை பள்ளிகளையும் எப்படி மூடுவது என்பார் மற்றொருவர். இருவரும் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக்கூடாது.

இத்தகைய கற்றல் மலேசியப் பள்ளிகளுக்குப் புதியதன்று. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய மலேசியக் கல்விப் பெருந்திட்டம், சிந்தனைத் திறனை மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படும் ஆறு பண்புகளுள் ஒன்றாக வைத்தது. அதன்பின் உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் தேர்வுத்தாள்களில் பெருகின. குமிழி வரைபடம், மர வரைபடம் முதலான எட்டுச் சிந்தனை வரைபடங்களை அறியாத மாணவர் இன்று அரிது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் பி.டி.3 தேர்வும் அகற்றப்பட்டன.

எனினும், ஒரு வேடிக்கையும் நடந்து வருகிறது. உயர்நிலைச் சிந்தனை வினாக்களுக்கான மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இருக்கிறார்கள். வேறொருவர் சிந்தித்து எழுதிய விடையை மனப்பாடம் செய்வது எப்படிச் சிந்தனையாகும்? வரைபடமும் அப்படித்தான். ஆசிரியர் வெண்பலகையில் நிரப்பிய குமிழிகளை அப்படியே பார்த்து எழுதினால், அது வட்டத்துக்குள் எழுதிய குறிப்பு மட்டுமே.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், எஸ்.பி.எம். தேர்வு காத்திருக்கிறது. ஒரே வினாவை அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பாடங்களை எப்போது நடத்துவது? மேலும், அடிப்படை அறிவு இல்லாமல் சிந்தனை மட்டும் எங்கிருந்து வரும்? ஆவியாதல் என்றால் என்னவென்று அறியாத மாணவருக்குக் காற்றின் திசையைப் பற்றிக் கேட்கத் தோன்றாது. ஆகவே, மனனம் தேவையில்லை என்பது வாதமன்று. மனனம் செய்ததைப் பயன்படுத்த ஓர் இடம் வேண்டும். வாரத்திற்கு ஒரு பாடவேளையில் ஒரு நல்ல வினா கிடைத்தாலும் போதும்.

அதற்குப் பெரிய செலவும் ஆகாது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். வினாவைக் கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு வினாடி மட்டுமே காத்திருந்தார்கள். விடை வராவிட்டால் உடனே வேறொருவரைக் கேட்டார்கள். இல்லாவிட்டால் தாங்களே சொல்லிவிட்டார்கள். காத்திருக்கும் நேரத்தை மூன்று வினாடிகளுக்கு நீட்டியபோது, மாணவர்களின் விடைகள் நீண்டன. காரணம் காட்டிப் பேசுவோரும் கூடினர். வெறும் மூன்று வினாடிகள்!

மாணவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அறியாமையன்று, அச்சமே. தவறாகச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். குறுக்கே கேட்டால் ஆசிரியரை மதிக்காதவர் என்று பெயர் வரும். ஆனால், வினவுவதை மரியாதைக் குறைவாகத் தமிழ் மரபு கருதவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர், நூலைக் கற்கும் முறையைக் கூறும்போது, பாடத்தைக் கேட்டு நினைவில் கொள்வதோடு நிறுத்தவில்லை. பிறரிடம் வினவுவதையும், அவர்கள் வினவியவற்றுக்கு விடை கூறுவதையும் சேர்த்தே சொன்னார். ஆசிரியர் முன் அடக்கமாக இருக்கச் சொன்ன அதே நூல்தான் இதையும் சொல்கிறது.

வகுப்பறைக்கு வெளியே இந்தப் பழக்கம் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. ஒரு பேரிடர் நேர்ந்தால், அதிகாரிகளின் அறிக்கைக்கு முன்பே புலனத்தில் செய்திகள் பரவிவிடுகின்றன. எந்த நீரைக் குடிக்கக்கூடாது, எந்த மருந்து உதவும், எந்தப் பள்ளி மூடப்பட்டது என்று எல்லாம் வரும். அவற்றுள் உண்மையும் இருக்கும்; பொய்யும் இருக்கும். “இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?” என்று பள்ளியில் ஒருமுறைகூடக் கேட்டுப் பழகாத மாணவர், பதற்றமான அந்த வேளையில் கேட்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

2019இல் முதலாம் ஆண்டில் பயின்ற பாசிர் கூடாங் பிள்ளைகள் வளர்ந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். பள்ளி திடீரென மூடப்பட்டது அவர்களுள் பலருக்கு நினைவிருக்கும். ஏன் மூடினார்கள், கழிவைக் கொட்டியவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள், ஆற்றை எப்படித் தூய்மைப்படுத்தினார்கள் என்று கேட்க அவர்களுக்கு ஒரு பாடவேளை வேண்டும்.