முதற்பருவம் மண்ணுக்கே

வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட முனைவோர் பலர், முதற்பருவம் முடியுமுன்பே மண்வெட்டியை மூலையில் சாய்த்துவிடுகின்றனர். ‘நம்மூர் மண்ணில் எதுவும் விளையாது’ என்பது அவர்தம் முடிவு. அது பிழையான முடிவு என்பதே நம் கருத்து.

நாமும் அவ்வாறு சோர்ந்தவர்களே. புதுக்கோட்டையின் சரளை கலந்த செம்மண்ணில், ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, அவரை மூன்றையும் விதைத்தோம். மண் வெயிலில் இறுகியது. கத்தரி நாற்று வாடிற்று. பதற்றத்தில் உரத்தை அள்ளியிட்டோம், வெண்டையும் கருகிற்று. எஞ்சியது வேலியோரத்து அவரை ஒன்றே. ஆண்டுதோறும் சருகு உதிர்ந்து மக்கிய இடம் அது. செடியைப் பேணினோம், மண்ணைப் பேணினோமில்லை என்பது அப்போது விளங்கிற்று.

இம்மாவட்டத்து ஓடுகம்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) உருவாக்கிய பண்ணையின் பெயர் ‘கொழிஞ்சி’. கொழிஞ்சி நமக்குக் காய் தரும் செடியன்று. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து, மடக்கி உழுதபின் மண்ணுக்கே உணவாகும் பசுந்தாள் உரம். விளைச்சலுக்கு முன் நிலவளம் என்னும் நெறி அப்பெயரிலேயே உள்ளது.

ஆதலின், புதிதாய்த் தொடங்குவோர் முதலில் சணப்பு விதைத்து, 45 நாளளவில் பூக்கும்போது மண்ணோடு மடக்கிவிடட்டும். ஊக்கம் குன்றாதிருக்க, மக்கிய எருவிட்ட ஒரு பாத்தியில் தண்டுக்கீரை போதும்; ஒரு திங்களுக்குள் பறிக்கலாம்.

வேலியோரத்து அவரை தைத்திங்களில் காய்த்தது. சில காய்களை முற்றவிட்டு விதையெடுத்து வைத்துள்ளோம். வரும் ஆடிக்குள் மண்ணும் ஆயத்தமாகும்.