மொட்டை போடும் முன் முடியைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கினால், பாட்டு கேட்டு வரும் செய்திகளுக்கு நடுவே ஒரு கேள்வியும் என் நிகழ்ச்சிக்கு வந்துவிடும். "எங்க வீட்டு நாய்க்கு ரொம்ப சூடா இருக்கு. மொட்டை போட்டுடலாமா?"

கேட்பவர்களின் மனம் நல்ல மனம்தான். குழந்தைக்கு மொட்டை போட்டால் தலை குளிர்கிறது, நாலு மாதத்தில் முடியும் வந்துவிடுகிறது. அந்தக் கணக்கை அப்படியே நாய்க்கும் போடுகிறோம். ஆனால் நாயின் உடம்பு வேறு கணக்கு. நம்மைப் போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதனால் முடியை எடுத்துவிட்டாலே குளிர்ந்துவிடும் என்பது எல்லா நாய்க்கும் பொருந்தாது. சில நாய்களுக்கு அதுவே கெடுதல்.

எனவே கத்தரிக்கோலைத் தேடும் முன், உங்கள் நாயின் முடியைக் கையால் பிரித்துப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும். மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல் இன்னோர் அடுக்கு இருக்கிறதா? வீடெல்லாம் முடி கொட்டுகிறதா? வெட்டாமல் விட்டால் நம் தலைமுடி போல் வளர்ந்துகொண்டே போகிறதா? உங்கள் வீட்டு நாய்க்கு என்ன தேவை என்பது இந்தப் பதில்களில் இருக்கிறது.

முதலில் பஞ்சு அடுக்கு உள்ளவை. பொமரேனியன், ஜப்பானிய ஸ்பிட்ஸ், கோர்கி, ஷிபா இனு, கோல்டன் ரிட்ரீவர், ஹஸ்கி எல்லாம் இந்த வகை. மேலே உள்ள நீளமான முடி வெயிலையும் மழையையும் தாங்கும். அடியில் உள்ள பஞ்சு அவ்வப்போது கழன்று கொட்டும். கழன்ற பஞ்சு வெளியே வராமல் உள்ளேயே அடைந்துகொண்டால்தான் நாய்க்குப் புழுக்கம். ஆகவே செய்ய வேண்டியது மொட்டை இல்லை, அந்தப் பஞ்சைச் சீவி எடுப்பது. வாரம் 2, 3 முறை சீவினால் தோலுக்குக் காற்று போகும்.

இந்த வகை நாய்க்கு ஒட்ட மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும். முடி திரும்பி வரும்போது பஞ்சு முந்திக்கொண்டு, திட்டுத் திட்டாக வளரலாம். பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற நாய்களில் மழித்த இடத்தில் பல மாதங்கள், சில சமயம் ஓர் ஆண்டுக்கும் மேல் முடியே வராமல் இருப்பதுண்டு. அறுவை சிகிச்சைக்காகவோ தோல் நோய்க்காகவோ மருத்துவர் மழிப்பது வேறு விஷயம். வெயிலுக்காக என்று நாமாக மழிக்க வேண்டாம். பாதத்துக்கு அடியிலும் பின்பக்கத்திலும் அளவாக வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது சுருள் முடி. பூடில், பிஷோன் ஃப்ரிசே, இப்போது பல வீடுகளில் இருக்கும் பூடில் கலப்புகள். இவற்றுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. "முடி கொட்டாது, வேலை இல்லை" என்று கேள்விப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. கொட்டாது என்பது ஓரளவு உண்மை. உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு வயதையொட்டி குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். அந்தச் சமயத்தில் சிக்கு விழும் வேகம் உங்களைத் திணறடிக்கும்.

மூன்றாவது, பட்டு போன்ற நீள முடி. ஷீ சூ, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர். வீவக வீடுகளில் நாம் அதிகம் பார்க்கும் முகங்கள். தினமும் சீவ முடியும் என்றால் நீளமாக விடலாம். முடியாது என்றால் குட்டையாக வெட்டிவிடுவதே நாய்க்கு நாம் செய்யும் நன்மை.

இதைச் சும்மா சொல்லவில்லை. நிகழ்ச்சியில் ஒரு முறை செல்லப் பிராணிகளைப் பற்றிப் பேசிய பிறகு, ஓர் ஆன்ட்டி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எங்க ஷீ சூ ஆறு வருஷமா பூனை மாதிரி இருந்தது. இப்ப பேரப்பிள்ளை காதைத் தொட்டா கடிக்க வருது. மகன் யாருக்காவது கொடுத்துடலாம்னு சொல்றான்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது குரலிலேயே தெரிந்தது. நான் மருத்துவர் இல்லை. கொடுப்பதற்கு முன் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள் ஆன்ட்டி என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் முடி சடையாக இறுகி, நாய் தலையைத் திருப்பும் போதெல்லாம் தோலை இழுத்துக்கொண்டிருந்ததாம். அடியில் தோல் புண்ணாகியிருந்தது. சடையை மழித்து மருந்து போட்ட பிறகு, பேரனின் மடியிலேயே தூங்குகிறது என்றார்.

கடிக்க வரும் நாய்க்கெல்லாம் காரணம் சிக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாய்க்கு வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வேறு மொழி இல்லை. உறுமல்தான் அதன் மொழி.

சிக்கு ஒளிந்துகொள்ளும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், முன்கால் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில். மேலாகப் பிரஷ் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். அதனால் பிரஷ் போட்ட பின், எஃகுச் சீப்பைத் தோல் வரை விட்டு இழுத்துப் பாருங்கள். சீப்பு நிற்கிற இடத்தில் சிக்கு இருக்கிறது. சிறிய சிக்கு என்றால் விரலால் பிரித்து, நுனியிலிருந்து மெல்லச் சீவலாம். கத்தரிக்கோலால் வெட்டவே வேண்டாம். சிக்குக்குள் தோலும் சேர்ந்து இழுபட்டிருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டித் தையல் போடும்படி ஆகிவிடும். உடம்பெல்லாம் சடை பிடித்திருந்தால், முடிதிருத்துபவர் மழித்துத்தான் ஆக வேண்டும் என்பார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சடையாக இழுத்துப் பிரிப்பது நாய்க்குச் சித்திரவதை.

ஷ்னவுஸர் போன்ற கம்பி முடி நாய்கள் தனி ரகம். கண்காட்சிக்குப் போகும் நாய்களுக்கு, முதிர்ந்த முடியைக் கையால் பறித்தெடுப்பது வழக்கம். மெஷினால் வெட்டினால் முடி மென்மையாகி, நிறமும் வெளுக்கும். வீட்டு நாய்க்கு அதனால் ஒரு குறையும் இல்லை. தாடியை மட்டும் சாப்பிட்ட பின் துடைத்துவிடுங்கள்.

கடைசியாகக் குட்டை முடி. சிவாவா, மினியேச்சர் பின்ஷர், அப்புறம் நம் ஊர்க் கலப்பினமான 'சிங்கப்பூர் ஸ்பெஷல்'. என் வீட்டில் இருப்பதும் அதுதான், 'அடோர்' திட்டத்தில் தத்தெடுத்தோம். வாரம் ஒரு முறை ரப்பர் பிரஷ் போதும். ஆனால் குட்டை முடி கொட்டாது என்று நம்ப வேண்டாம். என் கறுப்புச் சட்டைகள் எல்லாம் சாட்சி சொல்லும்.

எந்த வகையாக இருந்தாலும் சில விதிகள் பொது. குளிப்பாட்டும் முன் சீவுங்கள், தண்ணீர் பட்டால் சிக்கு இன்னும் இறுகும். நம் ஷாம்பு வேண்டாம், நாயின் தோல் நம் தோல் அளவுக்கு அமிலத்தன்மை கொண்டதில்லை. "சீயக்காய் போடலாமா, தேங்காய் எண்ணெய் தடவலாமா?" என்று கேட்கும் பாட்டிகளுக்கும் என் பதில், அவை நம் தலைக்கே இருக்கட்டும். எண்ணெய் தடவினால் நாய் நக்கும், தூசியும் ஒட்டும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு, கிட்டவே கொண்டு போக வேண்டாம். குளித்த பின் அடி வரை உலர்த்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அடர்ந்த முடி தானாகக் காய நேரமாகும். ஈரம் தங்கினால் தோல் சிவந்து, நீர் கசிந்து புண்ணாகும். உலர்த்தும் கருவியில் சூட்டைக் குறைத்தே வையுங்கள். ஷீ சூ, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சூடு சீக்கிரம் தாங்காது.

சீவும்போதே உண்ணியும் பார்த்துவிடலாம். காதுக்குள், விரல் இடுக்கில் தேடுங்கள். நம் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வு மாதம் கிடையாது. அது ரத்தத்தைப் பாதிக்கும் காய்ச்சலையும் கொண்டு வரும்.

வீட்டில் நாயைச் சீவுவது யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளுக்குத் துணைப்பாடம். கடைசியில் அது பணிப்பெண்ணின் தலையில் விழுகிறது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. இரவு நாடகம் ஓடும் நேரத்தில் நாயை மடியில் போட்டுக்கொண்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

அடுத்த முறை கடையில் "எப்படி வெட்டணும்?" என்று கேட்டால், "குட்டையா வெட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வகை முடி, எத்தனை நாளுக்கு ஒரு முறை வீட்டில் சீவுகிறீர்கள், எங்கே தொட்டால் நாய் சிணுங்குகிறது என்று சொல்லுங்கள். பொமரேனியனோ ஸ்பிட்ஸோ என்றால், "மழிக்க வேண்டாம்" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.