மழை பெய்தால் புயல் பலவீனமாகத் தெரியுமா?

லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் கொல்கத்தா தமிழர்களிடம் அம்பன் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2020 மே 20-ல் மேற்கு வங்கத்தில் கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 155-165 கி.மீ. 'கடலில் இருக்கும்போதே செயற்கைக்கோள் ரேடார் இதைத் துல்லியமா சொல்லிடாதா?' என்பீர்கள். சிக்கலே அங்கதான்.

அந்த ரேடாருக்குக் காற்று தெரியாது. காற்று கடலில் எழுப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் சிக்னலை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடும். நடுவில் கனமழை வந்தால்? இஸ்ரோவின் ஸ்கேட்சாட்-1 அனுப்பிய அலையின் நீளம் சுமார் 2 செ.மீ.தான். மழைத்துளிகள் அதை விழுங்கும், சிதறடிக்கும்; போதாக்குறைக்குக் கடல்பரப்பையும் கலக்கிவிடும். இதனால் மென்காற்று பலமாகவும், புயற்காற்று பலவீனமாகவும் தெரியலாம். இரண்டாவதுதான் ஆபத்து.

ஐரோப்பாவின் ஆஸ்கேட் கருவிக்கு அலைநீளம் 5 செ.மீ.க்கு மேல், அதனால் மழைத் தொல்லை குறைவு. புயல் கரையை நெருங்கியதும் கொல்கத்தாவின் டாப்ளர் ரேடார் இருக்கு. அதற்கு மழைதான் இலக்கே.